ஏழாம் கிணற்றில் ஊற்றிய எண்ணெய்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் கிணற்றில் பிடித்த மாதிரியை ஆய்வுக்கூட ஜன்னலோரம் வைத்திருந்தேன். மதியத்துக்குள் பிரிந்துவிட்டது. மேலே விரலகலத்துக்கு எண்ணெய், கீழே சீசா முழுக்க உப்புத்தண்ணீர். அழுகின முட்டை நாற்றம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது தலைகீழாக இருந்தது.

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடந்து ஆனது. மாமனார் காலத்தில் குழாய் இறக்கி, எங்கள் காலத்திலேயே உறிஞ்சித் தீர்த்தாயிற்று. கூடவே வந்த வாயுவை, பிடித்துவைக்கச் செலவாகும் என்று சும்மா கொளுத்திவிட்டோம். தீர்ந்துபோச்சு என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த எண்ணெய் வயலுக்கு மேலாளர் என் அண்ணன். சீசாவைக் காட்டினேன். "நல்லா குலுக்கிட்டுக் காட்டும்மா, எல்லாம் ஒண்ணாத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு உற்பத்தி ஏன் குறைகிறது என்று பெரிய கூட்டம். கூட்டம் முடிகிறவரை வாசலில் அவர் கார் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஏறும்போது சீட் ஜில்லென்று இருக்கணுமாம்.

மார்ச் 10

கம்பெனி வயலை விற்கப்போகிறதாம். யாருக்கு? இங்கே வேலை செய்கிறவர்களுக்கே. வேலை முடிந்து போகும்போது வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்தால், வயல் தொழிலாளர் சங்கத்துக்கு. "இன்னைக்கு வரைக்கும் வேலைக்காரங்க, இனிமே நீங்கதான் முதலாளி" என்றார் அண்ணன். முதல் கைதட்டல் என் வீட்டுக்காரருடையது. பம்ப் பிரிவு போர்மேன், அவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள். எதிர்வீட்டு வெல்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மட்டும் தட்டவில்லை.

மார்ச் 11

வெல்டர் மனைவி இனிப்போடு வந்தாள். "இனிமே நாமளும் முதலாளி வீட்டம்மாதான்" என்று சிரித்தாள். நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். டப்பாவை வாங்கி வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மூக்குக்கண்ணாடியை ஆய்வுக்கூடத்தில் விட்டுவிட்டேன் என்று எடுக்கப் போனேன். ஏழாம் கிணற்றருகே ஒரு டேங்கர் லாரி நின்றது. லீவு நாளில் லோடு எடுக்கிறார்களா என்று கிட்டே போனால், குழாய் லாரியிலிருந்து கிணற்றுக்குள் போகிறது. எண்ணெய் எடுக்கிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

"ஊத்தச் சொன்னாங்க, ஊத்தறோம்" என்றார் டிரைவர்.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் கிணத்தைப் பார்க்க வராங்க. வெறும் தண்ணியைக் காட்டினா நல்லாவா இருக்கும்? நீ சாம்பிள் பிடிச்சுக் காட்டு, போதும்."

"அது நம்ம எண்ணெய் இல்லண்ணா."

"நம்ம கிணத்துலேர்ந்து வந்தா நம்மளதுதான்."

நாக்கூசாமல் சொல்கிறான். என் கூடப் பிறந்தவன்.

மார்ச் 17

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

சங்கத்துக்கு இவர்தான் தலைவராம். மாசச் சம்பளமாம். மச்சானும் மாப்பிள்ளையும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள்.

"ஓடற வரைக்கும் ஓடட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"அந்த வெல்டர்? மத்தவங்க?"

"அவங்களா கையெழுத்துப் போடறாங்க. நானா கையைப் பிடிச்சு இழுக்கிறேன்?"

சொல்லிவிட்டு விரலை நக்கினார். அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பா இருந்துச்சு. இந்தக் கையையா இத்தனை வருஷம் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்? பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டேன்.

நான் மட்டும் ரொம்ப யோக்கியமா? தினம் அந்தச் சீசாவைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்.

மார்ச் 20

அண்ணன் போனை எடுக்கவில்லை. நாளையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பம்பைப் போட்டதும் எண்ணெய் வந்தது. நீர்த்து, லேசான பச்சையாக. எங்கள் எண்ணெய் கருப்பு, காலைக் குளிரில் மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். இத்தனை பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா, வந்தும் வேண்டாம் என்று விட்டார்களா?

அண்ணன் கண்ணைக் காட்டினார். சீசாவை நிரப்பித் தூக்கிக் காட்டினேன். கைதட்டல். போட்டோ.

"போதும்மா, மூடு."

நான் சாம்பிள் குழாயை மூடவில்லை. கீழே வாளியை வைத்தேன். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்ணா" என்றேன். இவர் வேகமாக வந்து குழாயில் கை வைத்தார். நடுவில் வெல்டர் வந்தார்.

"ஏன்? நம்ம கிணறுதானே. ஓடட்டுமே."

வெயில் ஏறியது. பம்ப் நிற்காமல் இழுத்துப் பெரிய குழாய் வழியாக டேங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வாளி நிரம்ப நிரம்பப் பக்கத்துத் தொட்டியில் கொட்டினோம். அண்ணன் வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சிலர்தான் போனார்கள். பிறகு குழாய் இருமியது. காற்று. அப்புறம் தண்ணீர், அந்த நாற்றத்தோடு. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெல்டர் தண்ணீரில் கையை நனைத்து மோந்து பார்த்தார். இவர் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்தானே?"

இவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 2

சங்கம் வயல் வேண்டாம் என்றுவிட்டது. அவரவர் பணத்தை அவரவருக்குக் கொடுத்துவிட்டு வயலை மூடுகிறார்கள். அண்ணனுக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல், பதவி உயர்வோடு. இனி எனக்குத் தங்கச்சியே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். சந்தோஷம்.

மே 12

இன்று ஏழாம் கிணற்றைச் சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள். வாயு கசிகிறதா என்று மீட்டரோடு நின்று பார்ப்பது என் வேலை. கசியவில்லை. மேலே இரும்புத் தகட்டை வைத்து வெல்டர் பற்றவைக்க உட்கார்ந்தார். தகட்டைப் பிடித்துக்கொள்ள இவர் குனிந்தார்.

"வேண்டாம். அவங்க பிடிச்சுக்குவாங்க" என்று வெல்டர் என்னைக் காட்டினார்.

கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். இவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

வேலை முடிந்து நடந்தே கிளம்பினேன். கார் பக்கத்திலேயே மெதுவாக வந்தது. கண்ணாடியை இறக்கினார். நான் நடந்தேன். எங்கள் வீடு வந்ததும் கார் உள்ளே திரும்பியது. நான் தெருவைக் கடந்து அக்கா வீட்டுப் படியேறினேன். என் துணிமணியெல்லாம் மாடி அறைக்கு நேற்றே வந்துவிட்டது.