தெற்கே திரும்பாத கதிர்ப்பலகைகள்

“அரசர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டுவதற்காக அக்கரையில் இருப்பவர்கள் சாக வேண்டுமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.”

“மெல்லப் பேசு அம்மா. முத்திரைச் சிமிழைத் திறந்தாயிற்று. நீலன் எழுத்தாணியைக் கையில் எடுத்துவிட்டான்.”

“எடுக்கட்டும். நன்றாக எழுதட்டும்.”

மங்கலம் பெருகுக. மலை ஏழும் ஆறு மூன்றும் ஒரு குடையின்கீழ்த் தழைக்க, பகலவனுக்கே நிழல் கொடுத்தவர் என்று புலவர் பாடும் பெருங்குடைச் செல்வர், சேணாட்டு வேந்தர், இருள்கடிந்த மாவளவர் திருவடிகளுக்கு, தென்னெல்லைக் கருமணியாற்றங்கரைப் பாசறையிலிருந்து ஏனாதி கோடன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. வேந்தர் வீற்றிருக்கும் வெண்மாட நகரில் மழை பருவம் தப்பாதிருக்க. அரண்மனைக் குதிரைகள் நோயின்றி இருக்க. அரசியார் நந்தவனத்தில் பூத்த பூ உதிராதிருக்க.

இந்த வாழ்த்து நிற்க வேண்டிய இடத்தில் வேறு சொற்கள் முந்தி ஏறிவிட்டன. முத்திரைச் சிமிழ் திறந்திருக்கும்போது அதன்முன் பேசப்படும் எந்தச் சொல்லும் ஓலையில் ஏற வேண்டும்; ஏறிய சொல்லை அழிக்கலாகாது; தொடங்கிய ஓலையைக் கிழிக்கலாகாது. இது பெருமானடிகளின் முன்னோர் வகுத்த முறை. திருமுகம் எழுதும் நீலன் அந்த முறையில் ஓர் எழுத்தும் பிசகாதவன். ஆகவே முதலில் கேட்ட குரல் மருத்துவி செள்ளையுடையது என்றும், அவளை மெல்லப் பேசச் சொன்னவர் பாசறையில் முத்திரையின் மரியாதையைக் காக்க அவையோர் அனுப்பிவைத்த முறைகாவலர் பெருங்கண்ணர் என்றும், இரண்டு குரலுக்கும் நடுவே நின்றவன் இப்பாசறைத் தலைவனாகிய ஏனாதி கோடன் என்றும் பெருமானடிகள் அறிந்தருள்க.

நடந்தது இது. கருமணியாற்றுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் தேன்கூவல் என்னும் ஊரில் காய்ச்சல் கண்டிருப்பது கேட்டு, வேந்தர் மனம் இரங்கி, கடல்வணிகரிடமிருந்து மருந்து வருவித்தார். சுண்டுவிரல் உயரமுள்ள தொண்ணூறு குப்பிகள். சூடு பட்டால் அந்த மருந்து வெறும் நீராகிவிடும். அதற்காக வணிகர் ஒரு குளிர்பெட்டியும், அதைக் குளிரவைக்க ஒரு மின்பேழையும், பேழைக்கு வெயிலை ஊட்ட ஏடுபோல மடித்து விரிக்கும் நான்கு கதிர்ப்பலகைகளும் கொடுத்தனர். பலகையின் கறுத்த முகத்தைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும் என்றும், அந்த முகத்தில் விரல் நிழலும் விழலாகாது என்றும், வெயில் உள்ளவரையில் எந்தக் காட்டிலும் எத்தனை நாளும் தங்கலாம் என்றும் வணிகர் அரண்மனை முற்றத்தில் நின்று விளக்கிக் கூறினர். கோடன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான்.

மறுநாள் அவன் ஓவியரை அழைத்து, நான்கு பலகைகளின் முகத்திலும் கீழ்மூலையில் பொன்னீரால் அரச முத்திரையைத் தீட்டச் செய்தான். யாரும் அவனிடம் அப்படிக் கேட்கவில்லை. அயலார் பொருள் வேந்தரின் பொருளாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தான். படை புறப்படும்போது வேந்தர் மாடத்திலிருந்து பார்ப்பார் என்றும் நினைத்தான். வேந்தர் பார்த்தார். புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் நான்கு நாள் வழியில் பசியே தெரியாமல் நடந்தான்.

ஐந்தாம் நாள் ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலையில் எங்கோ பெய்த மழை. ஓடக்காரர் கட்டுவன் வெள்ளத்தைப் பார்த்தார், எச்சிலைத் துப்பினார், ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் இறங்கட்டும் என்று பாசறை இறங்கியது. குளிர்பெட்டியைக் கூடாரத்து நிழலில் வைத்து, பலகைகளை வெயிலில் விரிக்கும்போது பெருங்கண்ணர் திசைகாட்டியோடு வந்தார்.

முத்திரை என்பது வேந்தரின் முகம். அது எந்த இடத்தில் இருந்தாலும் அரியணை இருக்கும் திசையை நோக்கி நிற்க வேண்டும் என்று அவர் நினைவூட்டினார். பாசறைக்கு வெண்மாடம் நேர் வடக்கே. அப்படியானால் பலகையைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கலாமே, முகம் எந்தத் திசையையும் பார்க்காதே என்று செள்ளை கேட்டாள். முத்திரை மல்லாந்து கிடப்பது வேந்தர் இறந்த அன்று ஒருநாள் மட்டுமே என்று அவர் சொன்னார். அதைக் கேட்ட காவலர் இருவர் தங்களை அறியாமல் காதைப் பொத்திக்கொண்டனர். சுரண்டி எடுத்துவிடலாமா என்று அவள் அடுத்துக் கேட்கவில்லை. சுரண்டிய கைக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

பலகைகள் நான்கும் வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. விடியலிலிருந்து அந்திவரை வெயில் முழுவதும் பலகைகளின் முதுகில் விழுந்தது. தொட்டால் முதுகு சுடும். முகம் சுனைக்கல் போலக் குளிர்ந்திருக்கும். மின்பேழையின் நெற்றியில் நான்கு விளக்குகள் எரியும். முதல்நாள் நான்கும் எரிந்தன. மூன்றாம் நாள் இரண்டு. இன்று ஆறாம் நாள், ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கரையில் ஒரு பாறை இருக்கிறது. தேன்கூவலார் தங்களுக்கு நேர்வதைப் பாசறைக்குத் தெரிவிக்க அங்கே வெள்ளைத் துணி கட்டுகிறார்கள், ஓர் உயிருக்கு ஒரு துணி. வெள்ளத்தின் இரைச்சலில் அவர்கள் கூவுவது கேட்பதில்லை. துணி மட்டும் தெரிகிறது. கோடன் காலையில் எழுந்ததும் ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஆனாலும் இன்று பதினொன்று என்பது அவனுக்குத் தெரியும்.

ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை என்பதையும் திருச்செவி சாற்ற வேண்டும். வெயிலை வடக்கிலிருந்து திருப்பி அடித்தால் பலகையின் முகத்தில் விழுமே என்று கோடனுக்குத் தோன்றியது. பாசறையில் பளபளக்கும் தாம்பாளங்கள் இரண்டே இருந்தன; இரண்டும் பெருங்கண்ணரின் பூசைத் தாம்பாளங்கள். வேந்தர் முகத்தில் வெயிலடித்துக் கண்கூசச் செய்வது தகுமா என்று அவர் நெடுநேரம் தயங்கினார். பிறகு தாமே புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். காவலர் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். பலகையில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் நடுங்கின. மின்பேழை அதைப் பொருட்படுத்தவில்லை. மாலையில் மேகம் வந்தது.

வெண்மாடத்துக்கு வடக்கே போய்ப் பாசறை இறங்கினால் முத்திரை தெற்கே பார்க்கும் அல்லவா என்று காவலன் ஒருவன் உற்சாகத்தோடு கேட்டான்.

“போலாமே தம்பி,” என்றார் கட்டுவன். “இந்த ஆத்தையும் சுருட்டி நீ தலையில வச்சுக்க. அக்கரை ஊரை நான் தூக்கியாறேன்.”

செள்ளை மட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகை போல நீண்டது.

இன்று உச்சிப்பொழுதுக்கு முன் ஓலை எழுத உட்கார்ந்தார்கள். மேலே கண்ட வாக்குவாதத்தின் நடுவேதான் நீலன் சிமிழைத் திறந்தான். வாழ்த்தும் இதுவரை நடந்ததும் எழுதி முடியும் நேரத்தில் கோடன் அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் ஒரு சொல் சொன்னான்.

“பலகையைத் திருப்பினாலும் உடனே பயன் இருக்கும் என்று யார் கண்டது, செள்ளை? பேழையே பழுதாகியிருக்கலாம்.”

“நாம் கண்டோமே! நேற்று உச்சியில் ஒரு பலகையைத் திருப்பினேனே, சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நிலைத்து எரிந்ததே, அடுத்த விளக்கும் கண் திறந்ததே. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவில்லையா?”

நீலனின் எழுத்தாணி அதையும் கீறியது. அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். கையால் அடைத்து என்ன? சொல் வெளியே வந்துவிட்டது, ஓலையிலும் ஏறிவிட்டது.

ஏறியதால் முழுவதும் சொல்லியாக வேண்டும். உச்சிப்பொழுதில் பெருங்கண்ணர் வடக்கு நோக்கி நின்று கண்மூடி வேந்தரை வாழ்த்துவது வழக்கம். கால் நாழிகை ஆகும். நேற்று அந்தக் கால் நாழிகையில் செள்ளை முதல் பலகையைத் தெற்கே திருப்பினாள். கோடன் ஓடிவந்தான். தடுக்கத்தான் வந்தான். விளக்கு நிலைத்ததைக் கண்டதும் அவன் கால் நகரவில்லை. குளிர்பெட்டி, பாலைக் கண்ட குழந்தைபோல, முனகி ஒரு மூச்சு வாங்கியது. அவன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு தன் இரண்டு கையாலும் பலகையை வடக்கே திருப்பினான். இரண்டாம் விளக்கு அணைந்தது. பெருங்கண்ணர் அன்று வழக்கத்தைவிடத் தாமதமாகக் கண் திறந்தார்.

முத்திரையை அரியணைக்கு முதுகு காட்டச் செய்தது யாராக இருந்தாலும், பாசறைத் தலைவனின் வீட்டு வாசலை உள்ளிருப்பவரோடு செங்கல் வைத்து அடைப்பார்கள். கோடனின் வீட்டில் ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். பெயர் அணிச்சி. ஒன்பது வயது. வாசலில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிடுவாள்; உள்ளே சோறு இறங்காது என்பாள்.

“இனி என்ன பாக்கி?” என்று செள்ளை கேட்டாள். அவள் குரலில் முன்பிருந்த சூடு இல்லை. “எழுதியாயிற்று. குற்றம் ஒருமுறையானாலும் நூறுமுறையானாலும் ஒன்றுதானே. திருப்பிவிடுங்கள், ஏனாதி.”

“அறியாமல் கால் நாழிகை என்றால் வேந்தர் பொறுக்கவும் கூடும்,” என்றான் கோடன். “அறிந்து ஒரு பகல் முழுவதும் என்றால்?”

“பொறுப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பொறுக்கமாட்டார் என்று?”

“அதுவும் தெரியாது.”

பெருங்கண்ணர் தொண்டையைக் கனைத்தார். “நேற்று என் வழிபாடு கொஞ்சம் நீண்டுவிட்டது,” என்றார் யாரையும் பார்க்காமல். “வயதாகிவிட்டது. இன்றும் நீளும் போலிருக்கிறது.” நீலன் அதையும் எழுதினான். எழுதும்போது அவன் பெருங்கண்ணரை நிமிர்ந்து பார்த்துவிட்டதால் அந்த வரி வளைந்திருக்கிறது; பெருமானடிகள் பொறுத்தருள்க.

ஓலை வெண்மாடம் சேரக் குதிரைக்கு மூன்று பகல் ஆகும். மறுமொழி திரும்ப மூன்று பகல். ஆறு தணிய இன்னும் இரண்டு நாள் என்கிறார் கட்டுவன். மின்பேழை நாளை மாலைவரை தாங்கினால் பெரிது என்கிறாள் செள்ளை. இவற்றை ஏனாதி கோடன் விரல்விட்டு எண்ணிப் பார்க்காமல் இல்லை. வேந்தரின் சொல் இங்கே வந்து சேரும் நாளில் தொண்ணூறு குப்பிகளிலும் தண்ணீர் இருக்கும்; அதைக் கொண்டுபோக ஆறு வழிவிட்டிருக்கும். தெரிந்தும் ஓலை விடுக்கிறான். வடக்கே பார்த்துக் கேட்பதைத் தவிர இந்தக் கரையில் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை வேறொன்றும் இல்லை.

நேற்றைய பிழைக்கு மன்னிப்பு வேண்டலாமே என்று நீலன் சொன்னான். ஓலையில் இடம் சிறிதே இருக்கிறது, ஒன்றுதான் கேட்கலாம் என்று கோடன் மறுத்துவிட்டான்.

இவ்வோலையைக் கொண்டுவரும் குதிரைவீரனுக்கு நீரும் நிழலும் கிடைக்க, விரிப்பவர் கை தூய்மையாக இருக்க, படிப்பவர் குரல் தாழாதிருக்க, கேட்கும் திருச்செவி வாழ்க. அரக்கு உருகிவிட்டது. ஏனாதியின் மோதிரம் நீலனின் கையில் இருக்கிறது, ஏனென்றால் ஏனாதி தன் இடத்தில் இல்லை. உச்சிப்பொழுது. பெருங்கண்ணர் வடக்கு நோக்கி நின்று கண்ணை மூடிக்கொண்டார். அக்கரைப் பாறையில் ஒருவர் பன்னிரண்டாம் துணியை முடிந்துகொண்டிருக்கிறார். காற்று பிடுங்குவதால் முடிச்சு விழவில்லை. செள்ளை மின்பேழையின் முன் மண்டியிட்டு, சிமிட்டும் விளக்கைக் கையால் மறைத்து நிழல் செய்து பார்க்கிறாள், எரிகிறதா என்று தெரிந்துகொள்ள. கோடன் முதல் பலகையின் பின்னால் போய் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்திருக்கிறான். சுடுகிறது. கையை எடுக்கவில்லை. நகர்த்தவும் இல்லை. அங்கிருந்தபடியே நீலனுக்குக் கேட்கும்படி சொல்கிறான், எழுது என்று:

பெருமானே, திருப்பலாமா?