தாய்மாமனுக்கு ஒரு படுக்கை

வியன்னா
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானும் மகிழினிக் குட்டியும் நலமா? நேற்றிரவு ரோமிலிருந்து ரயிலில் திரும்பினேன். தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், காலையில் காபி. முன்பு தாய்லாந்து ரயிலில் ஆள் வந்து மெத்தை விரித்து, திரையும் இழுத்துவிட்டுப் போனார். பின்லாந்தில் ஓடும் ரயிலிலேயே வெந்நீரில் குளித்தேன்! எல்லாவற்றையும் ஒப்பிட்டு இணையத்தில் எழுதுகிறேன். இதுவரை பின்லாந்துக்குத்தான் முதலிடம்.

வைகாசியில் காது குத்து என்றாயே, இந்த முறை நிச்சயம் வருகிறேன்.

உன் தம்பி,
தமிழரசு

நாமக்கல்
2 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டிய காது. அப்போது ஜப்பானுக்கு ரயில் பார்க்கப் போய்விட்டாய். இப்போது அவளுக்கு மூன்று நடக்கிறது. "ஏங்கண்ணு, உன்ற தம்பி வாரானா இல்லையா? புள்ள எத்தன வருசம் மூளிக்காதோட திரியறது?" என்று மாமியார் தினமும் கேட்கிறார்.

எனக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தான். ஊர் ஊராகப் போய்ப் படுக்கையை அளக்கிறாய். என் மகள் உட்கார உன் மடியைக் கேட்டால் சாக்குச் சொல்கிறாய். எரிச்சலாக வருகிறது, சாமி.

ஜூன் முதல் தேதி, ஞாயிறு. குலதெய்வம் கோயிலில் காலை ஏழரைக்குள் முகூர்த்தம். சனி இரவு சென்னையில் ஏறினால் விடிவதற்குள் சேலம். மச்சான் ஸ்டேஷனில் நிற்பார்.

உன் அக்கா,
சத்யபிரியா

சென்னை
31 மே 2025

அன்புள்ள அக்கா,

பந்தல் வேலையில் போனை நீ எடுக்கவில்லை. அதனால் இந்த மின்னஞ்சல். சென்னை வந்துவிட்டேன். ஆனால் ஏசி படுக்கை கடைசிவரை உறுதியாகவில்லை. சாதாரண ஸ்லீப்பரில் சைடு அப்பர் கிடைத்தது. ஏறிப் படுத்துப் பார்த்தேன். கால் நீட்ட முடியவில்லை, பக்கத்திலேயே கக்கூஸ், ஒரே புழுக்கம். கண்ணை மூட முடியாது அக்கா. இறங்கிவிட்டேன்.

காலையில் காரில் வருகிறேன். முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்.

தமிழரசு

நாமக்கல்
4 ஜூன் 2025

தமிழரசுக்கு,

உன் மின்னஞ்சலைக் கோயிலில்தான் பார்த்தேன். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். "மாமா எங்கீங்க?" என்று மகிழினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் சித்தப்பா மகன் கந்தப்பன் வந்தான். அவனும் சென்னையிலிருந்துதான், அதே வண்டியில்தான். முன்பதிவில்லாத பெட்டியில் சேலம்வரை நின்றுகொண்டே வந்திருக்கிறான். கண் சிவந்து கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். "மொகங் கழுவீட்டு வாரனுங்க்கா. புள்ளைய என்ற மடியில வைங்க" என்றான்.

குத்தும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பிறகு அவன் மடியிலேயே தூங்கிப்போனாள். தூணில் சாய்ந்து அவனும் தூங்கினான்.

நீ பன்னிரண்டு மணிக்கு வந்தாய். பந்தியில் உட்கார்ந்து, பின்லாந்து ரயிலில் குளித்த கதையை எல்லோருக்கும் சொன்னாய். பாயசம் ஊற்றிக்கொண்டே நானும் கேட்டேன். சாப்பிடுகிறவனிடம் சண்டை பிடிக்கக்கூடாது என்று அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

நீ கொண்டுவந்த தோடு பீரோவில் இருக்கிறது. அவள் காதில் கிடப்பது, கந்தப்பன் அங்கேயே ஆசாரியிடம் வாங்கிப் போட்ட கம்மல். நாளை அவள் பெரியவளானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, மாமன் சீரை அவன்தான் செய்வான். பெரியவர்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது.

இனி உனக்கு அவசரமில்லை. நல்ல படுக்கை கிடைக்கும்போது வா.

சத்யபிரியா