புனே மாடல்

ஒரகடம்,
ஆனி மாதம், 2015

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ மீட்டிங் என்பாய், நான் சரிம்மா வை என்பேன். வாட்ஸ்அப்பில் தமிழ் அடிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, ஒரு வார்த்தை முடிவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் இந்தப் பார்சலுக்குள் எழுதி வைக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் துணியைப் பிரி.

தையல் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. ஹாஸ்டல் பெண்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குத்தான் வருகிறார்கள், துணியை அப்புறம் எடுக்கிறார்கள், முதலில் போனை நீட்டுகிறார்கள். போன மாதம் ஜாக்கெட்டுக்கு நெட் கை கேட்டவள் இந்த மாதம் முதுகில் பானை மாதிரி வெட்டுகிற பானைக் கழுத்து கேட்கிறாள். அலமாரியில் துணி வரிசையில் காத்திருக்கும்போதே அந்த மாடல் பழசாகிவிடுகிறது, வந்து மாற்றச் சொல்கிறார்கள். எதிரே புதிதாகக் கடை போட்ட கிளியம்மாள் வாட்ஸ்அப்பில் குரூப் வைத்து தினம் பத்து டிசைன் அனுப்புகிறாளாம். நானும் விடவில்லை. நீ ஆரம்பித்துக் கொடுத்த தாமரை லேடீஸ் டைலர் பேஜில் தைத்ததையெல்லாம் போட்டோ எடுத்துப் போடுகிறேன், நீ சொன்ன பேஜ்களைத் தினமும் பார்க்கிறேன். நீ புனேவுக்குப் போன புதிதில், அம்மா என் ரூமுக்குப் பக்கத்தில் டிசைன் ஜாக்கெட் தைக்கிற ஒரு பொட்டிக் இருக்கிறது, அங்கே வருவதுதான் ஆறு மாதம் கழித்து நம் ஊருக்கு வரும், அந்தப் பேஜை லைக் பண்ணி வை என்று சொன்னாயே, அதையும் பார்க்கிறேன். நீ சொன்னது சரிதான், அதனால்தான் கடைக்குக் கூட்டம் வந்தது. என்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருந்திருக்காது.

சித்திரையில் ஒருநாள் சுகப்பிரியா வந்தாள், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயரிங் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். யக்கா, அந்தப் புனே பேஜ்ல புதுசா ஒண்ணு வந்திருக்கு பாருங்க, எனக்கு வைகாசியில கல்யாணம்லா, அச்சு அசலா இதே மாதிரி தச்சுத் தாங்க என்று போனைக் கையில் கொடுத்தாள். ஒரு கல்யாணப் பெண் திரும்பி நிற்கிறாள். அரக்கு ஜாக்கெட், பானைக் கழுத்து, கயிற்றில் இரண்டு குஞ்சம். முகம் இல்லை, தலை நிறையப் பூ. நான் முதலில் தையலைத்தான் பார்த்தேன். இடது தோளில் துணி சுருங்கி நின்றது, யார் தைத்தது இப்படி, இந்தப் பெண்ணுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அதைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் சமமாக வெட்டியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அப்புறம்தான் கழுத்துக்குக் கீழே இருந்த மச்சத்தைப் பார்த்தேன். உனக்குத் தலை வாரிப் பின்னிய நாளெல்லாம் நான் பார்த்த மச்சம். பக்கத்தில் மாப்பிள்ளையின் கை கொஞ்சம் தெரிந்தது, வாட்ச் கட்டியிருந்தார். அவரைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரிந்தது அந்த வாட்ச் மட்டும்தான்.

என்ன யக்கா, கஷ்டமான மாடலா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லம்மா, தச்சிடலாம் என்று சொல்லி அவளுக்கு அளவெடுத்தேன். அழுகை வரும் என்று அன்றைக்கெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. சுகப்பிரியா போட்டுக்கொண்டு போனதைப் பார்த்து அவள் ஹாஸ்டலே வந்தது. அதற்குப் புனே மாடல் என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். உன் கல்யாண ஜாக்கெட்டை ஊரில் யார் யாருக்கோ தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் தாமரை. தைத்ததை நம் பேஜிலும் போட்டேன். நிறைய லைக் வந்தது. எதைப் போட்டாலும் முதல் லைக் உன்னுடையதுதான், இதற்கு மட்டும் நீ போடவில்லை.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மணிமங்கலம் அத்தை மகள் தானாகக் கல்யாணம் செய்துகொண்டபோது, நம்ம வூட்ல இப்டி நடந்தா எனுக்கு அப்டி ஒரு பொண்ணே கெடையாது என்று அப்பா சோற்றில் கை வைத்தபடி சொன்னார், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அதை வைத்துத்தான் நீ வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்ததைக் கேள். கிளியம்மாள் கடைக்கு லைட் போட்ட போர்டு வந்ததும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்ம கட இன்னா கொறஞ்சு போச்சா என்று என் போனை வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிளெக்ஸ் அடிக்கிற இடத்துக்குப் போனார். எல்லாப் பெண்களும் கேட்கிற மாடல் என்று, தைப்பதற்காக நான் போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் புனே போட்டோவையே கொடுத்து ஆள் உயரத்துக்கு அடித்து வந்து கடை வாசலில் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், வாய்க்கு வரவில்லை. மேலே உன் பெயர் இருக்கிறது, கீழே நீ திரும்பி நிற்கிறாய்.

வாலாஜாபாத் ரோட்டில் லாரி போகிற புழுதி உனக்குத் தெரியும், காலையில் கட்டினால் மாலைக்குள் போர்டு மங்கிவிடும். அப்பா பஸ் டியூட்டி முடித்து வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி ஈரத்துணியால் துடைக்கிறார். போர்டில் அந்த மச்சம் பொட்டு அளவுக்குத் தெரிகிறது. இன்னா கனகா, இங்க ஏதோ அழுக்கு ஒட்டிகினு கீது, எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது என்று தினமும் அதைப் போட்டுத் தேய்ப்பார். பிரிண்ட்டில் விழுந்த புள்ளி, விட்டுவிடுங்கள் என்பேன். போன வாரம் ஒருநாள் தேய்த்துக்கொண்டே இருந்தவர் கையை எடுத்துவிட்டார். ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் இறங்கினார். டீ கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தார். மறுநாளிலிருந்து சுற்றிலும் துடைக்கிறார், அந்த இடத்தில் மட்டும் துணியை வைப்பதில்லை.

நேற்று ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன், என் பக்கம் திரும்பாமலே, போர்டு நல்லாத்தான் கீது கனகா, பொண்ணு மூஞ்சி தெரியற மாதிரி ஒரு போட்டோ இருந்தா கேட்டு வாங்கேன், மாப்ளயும் கூட நிக்கற மாதிரி என்றார். லேடீஸ் டைலர் கடைப் போர்டுக்கு மாப்பிள்ளை எதற்கு என்று நான் கேட்கவில்லை. சரி, கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பார்சலில் இருப்பது அதே அரக்கு ஜாக்கெட்தான். கடையில் நீ விட்டுப்போன அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைத்தேன், இடது தோளை அரை இஞ்ச் இறக்கியிருக்கிறேன், இனிமேல் சுருங்காது. உள்ளே தையலுக்குத் துணி தாராளமாக விட்டிருக்கிறேன், உடம்பு பூசினாலும் பிரித்துக்கொள்ளலாம். முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலசு, அரக்கு சாயம் விடும். வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் போகாதே, அவரையும் அப்படி அனுப்பாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் நிறைவாக வாழ வேண்டும். அப்பா கேட்ட போட்டோவை மறக்காமல் அனுப்பு. பேஜில் போட வேண்டாம், என் போனுக்கு அனுப்பு. மாப்பிள்ளை பெயரையும் எழுது, அப்பா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் அம்மா
சு. கனகலட்சுமி