தாயின் சம்மதத்துடன்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அமைச்சர் பக்கத்தில் நீ நிற்கும் படம் பத்திரிகையில் வந்ததிலிருந்து மனிதர் வீட்டில் தங்குவதே இல்லை. மருந்துக்கடை, சலூன், மாடிவீடு என்று ஓரிடம் விடாமல் காட்டிவிட்டு வந்தார். “பெரியவ அந்த அமைச்சர் இலாகாவுலதானே வேலை பாக்குறா?” என்று சலூன்காரர் கேட்டாராம். “அவ ஆபீஸ்ல இருக்கா” என்றாராம் அப்பா. அவ்வளவுதான் நான்.

அன்று அமைச்சர் கூட்டிய கூட்டத்தில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தும் நான் சிரிக்கவில்லை என்று உனக்கு வருத்தமாம். உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பால்மாவு விற்கிறவர்கள் பிரசவ வார்டுக்குள் நுழையவே கூடாது என்ற விதிக்கு வரைவு எழுதியது நான். அதற்காக வார்டு வார்டாக அலைந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உங்கள் கம்பெனிப் பெண்கள் ஒவ்வொரு கட்டிலாக இலவச டப்பா கொடுப்பார்கள். டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். அடுத்த டப்பா வாங்க முடியாதவள் அரைக் கரண்டி மாவுக்குப் புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுவாள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த குழந்தைகளை நான் கையில் தூக்கியிருக்கிறேன். அதையெல்லாம் சொல்லத்தான் அன்று தயாராக வந்திருந்தேன்.

எனக்குச் சுவரோரம் இடம். உனக்கு அமைச்சருக்கு அடுத்த இடம். புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டித் தருவதாக உங்கள் முதலாளி சொல்லியிருப்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்ததும், “உங்க ஃபைலைப் பாத்துட்டேம்மா, உக்காருங்க” என்றார் அமைச்சர். உன் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றார். தடை என்று போட்டால் தாயின் உரிமையைப் பறித்த மாதிரி ஆகிவிடும், ‘தாயின் சம்மதத்துடன் வரலாம்’ என்று போடலாமே என்றாய். நடுவில் ஒரு வேடிக்கையும் சொன்னாய். அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை வருட சர்வீஸில் எந்த அமைச்சரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நேரம் எனக்கு அந்தக் குழந்தைகள் ஞாபகத்துக்கே வரவில்லை. உன் குரல் கொஞ்சமும் நடுங்காததுதான் உறுத்தியது. சின்ன வயதில் நான் கேட்டுக் கிடைக்காததை நீ கேட்டால் அப்பா மறுநாளே வாங்கி வருவாரே, அதே வயிற்றெரிச்சல்.

மறுநாள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். குழந்தைகளுக்காக எழுதினேனா, உன்னைத் தோற்கடிக்க எழுதினேனா, எனக்கே தெரியவில்லை. பழைய கோப்புகளை வைக்கும் பிரிவுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். உத்தரவு உன் வார்த்தையோடு வந்துவிட்டது. போன வாரம் பிரசவ வார்டுத் தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார். “மேடம், அந்த டப்பாக்காரங்க உத்தரவோட வந்துட்டாங்க. பெத்துப் போட்டு அரை மயக்கத்துல கிடக்கிறவகிட்ட ‘சரிதானேம்மா’ன்னு கேக்குறாங்க. அவ தலையை ஆட்டுறா” என்று அழாத குறையாகச் சொன்னார்.

நீ உண்டாகியிருப்பதாக அப்பா சொன்னார். சந்தோஷம். இதில் எனக்குப் பொறாமை இல்லை, நம்பு. அம்மா இல்லாத வீட்டில் உன் பிரசவத்துக்கு நான் வராமல் யார் வருவது? கம்பெனியே உதவிக்கு ஆள் போடுமாமே. வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பிரிவில் யாராவது வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

உன் கட்டிலருகேயும் டப்பாவோடு ஒருத்தி வருவாள். நீ யார் என்று அவளுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே சம்மதம் கேட்பாள். அவளை வெளியே போகச் சொல்ல எனக்கு இப்போது அதிகாரம் கிடையாது. நீதான் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்போடு நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். பேச வாய் வராவிட்டால் என் பக்கம் கையையாவது நீட்டு; சம்மதமில்லை என்று உனக்காக நான் சொல்கிறேன்.

உன் அக்கா