ஒன்பதாவது படத்தொடர்

ஜனவரி 14

ஐரிஷ் மொழி வாய்மொழித் தேர்வு ஈஸ்டர் விடுமுறையின் முதல் வாரத்தில் என்பது இன்று உறுதியானது. சொன்னவர் பள்ளி அலுவலகத்து மிஸஸ் டிக்னன், தொலைபேசியில். பள்ளியில் படிக்காமல் தேர்வு மட்டும் எழுதும் வெளியாட்களுக்கும் அதே பள்ளி, அதே அறை. அதாவது நானும் என் மகள் மூரினும் ஒரே வரிசையில் நிற்போம்.

சாப்பிடும்போது சொன்னேன். மூரின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அங்க என்னைத் தெரியாத மாதிரி இரு."

"லாங்ஃபோர்டு மாதிரி சின்ன ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். நீ கையை மட்டும் ஆட்டிடாத."

நியாயமான கோரிக்கை.

ஜனவரி 15

நேற்று எழுதாமல் விட்டது, இதெல்லாம் எதற்காக என்பது. இருபது வருஷத்துக்கு மேல் நிருபராக இருந்த பத்திரிகை நவம்பரில் மூடிவிட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குக் கல்லூரி இடம் தந்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ஐரிஷ் மொழி உயர்நிலைத் தேர்வில் அறுபது சதவீதம் வேண்டும். பள்ளியில் படித்த காலத்தில் நான் அதை எட்டவில்லை. இந்த முறையும் எட்டாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

பிப்ரவரி 3

படத்தொடர்கள் பத்து. ஒவ்வொன்றும் படங்களாக வரைந்த ஒரு கதை. தேர்வில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். கைக்கு வந்த கதையை ஐரிஷில் சொல்ல வேண்டும். நாட்டில் எல்லோரும் செய்வது போல் நானும் கதைகளை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்கிறேன்.

முதல் கதையை மூரின் படித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது? கார் வந்தது. நின்றது. இருவர் இறங்கினர். விபத்துச் செய்தியா?"

"நடந்தது அவ்வளவுதானே."

"சந்தோஷத்துல மிதந்தாங்கன்னு போடு. வானத்துல ஒரு மேகம்கூட இல்லன்னு போடு. அதுக்குத்தான் மார்க்கு."

படத்தில் வானமே வரையப்படவில்லை. போட்டேன்.

பிப்ரவரி 17

அப்பம் சுடும் செவ்வாய். எலுமிச்சையும் சர்க்கரையும். நாளை தவக்காலம் தொடக்கம், நோன்புக்கு மூரின் சாக்லேட்டை விடுகிறாளாம். நான் மேகங்களை விட்டுவிடலாமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

மார்ச் 9

ஒன்பதாவது தொடர் ஒரு இசைக்குழுப் போட்டி. மண்டையில் ஏற மறுக்கிறது. மூரினும் அதைத் தொடவில்லை. வகுப்பில் பாதிப் பேர் விட்டுவிட்டார்களாம்.

"பத்துல ஒண்ணும்மா. அது வராது."

இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு ஆதாரம் கேட்டே பிழைப்பு நடத்தியவள் நான். கேட்கவில்லை. நானும் விட்டேன்.

மார்ச் 27

வதந்தி: தேர்வாளர் வடக்கே டனிகாலைச் சேர்ந்த பெண்மணி. மூரினின் தோழி ரோனா அழாத குறை. "டனிகால்காரங்க ஐரிஷ் பேசினா வானொலியில அலை மாறின மாதிரி இருக்கும்." எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. எனக்கும் உண்டு. மூலம் யார் என்று கேட்டேன். ரோனாவின் அத்தை பையன். அவனுக்கு யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 31

தேர்வாளர் டனிகாலைச் சேர்ந்தவர்தான். உறுதிப்படுத்தியவர் அவரே.

அட்டையைத் திருப்பினேன். ஒன்பது.

அய்யோ, இதுவா? பத்துல ஒண்ணு, அதையும் படிக்காம விட்டுட்டு வந்திருக்கியே!

மனப்பாடம் செய்த ஒரு சொல்லும் உதவாது. முதல் படத்தில் யார் இருக்கிறார்கள்? எங்கே? எத்தனை பேர்? அதைச் சொன்னேன். பிறகு அடுத்த படம். தெரிந்த சின்னச் சொற்களில், பார்த்ததை மட்டும். மேகம் இல்லை. 'சந்தோஷம்' ஒரே ஒரு முறை. நான்காம் படத்தில் மேளக்காரப் பெண் சிரிக்கிறாள், ஆதாரம் இருந்தது. அம்மையாரின் இரண்டு கேள்விகள் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார், மெதுவாக. மார்க் குறைத்தாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அறையிலிருந்து வருபவரைப் பிடித்து விசாரிப்பது இங்கே வழக்கம். மூரின் சுவரோரம் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள்.

"டனிகாலா?" என்றாள் ரோனா.

"டனிகால். ஆனா 'மெதுவா சொல்லுங்க'ன்னா சொல்றாங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"மூஞ்சி எப்படி?"

"கோபமும் இல்ல, சிரிப்பும் இல்ல. பேச்சு என் வேலையைப் பத்தி வந்துச்சு. மனப்பாடத்தை ஆரம்பிச்சேன், பாதியில நிறுத்திட்டாங்க. 'ஏன்'னு கேட்டாங்க. 'ஏன்'ங்கறதுக்கு ஒரு பதில் வெச்சுக்கங்க."

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, எது வந்துச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒன்பது," என்றேன்.

"போச்சு! என்னம்மா பண்ணினே?"

"விபத்துச் செய்தி."

அவள் அந்தக் கூட்டத்தின் நடுவே சத்தமாகச் சிரித்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவளுக்கு வந்தது ஏழு.

ஜூன் 9

எழுத்துத் தேர்வு இரண்டும் முடிந்தன. கவிதைக் கேள்வி மோசம். கட்டுரை பரவாயில்லை. மூரினும் நானும் சிப்ஸ் வாங்கி காரிலேயே சாப்பிட்டோம். பக்கத்தில் ரோனாவின் கார் நின்றும் அவள் இறங்கிப் போகவில்லை.

ஆகஸ்ட் 20

கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மதிப்பெண் வரும்வரை இடம் என் பெயரில் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூரின் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள்.

"நாளைக்கு என்னோடதை என்னால திறக்க முடியாதும்மா. நீ திற. உன்னோடதை நான் திறக்குறேன்."

"அறுபதுக்குக் கீழ இருந்தா?"

"இருக்கிறதைச் சொல்றேன். மேகமெல்லாம் போட மாட்டேன்."

என் தேர்வு எண்ணை அவளிடம் கொடுத்தேன். முடிவுகள் நாளை, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு.