றஜனி கதவைத் திறந்திட்டாள்

இஞ்சருங்கோ,

மூத்தவளுக்குக் காய்ச்சல் மாறிவிட்டுது. சின்னவன் பள்ளிக்கூடம் போறான்.

கொழும்புத்துறைப் பக்கம் ஏழையளுக்கெண்டு கட்டின தொடர்மாடி வீடுகளிலை இருக்கிற ஆக்களைப் போய்ப் பார்த்து உதவுறதுதான் இப்ப என்ரை வேலை. அங்கை றஜனி எண்டு ஒருத்தி இரண்டு பிள்ளையளோடை இருக்கிறாள். புருசன் டினேஸ் அடிச்சு அவளின்ரை கை முறிஞ்ச பிறகு, வீட்டை அவளின்ரை பேருக்கு மாத்திக் குடுத்தது நான்தான். "என்ன சொன்னாலும் அவனுக்குக் கதவைத் திறக்காதை" எண்டும் சொன்னன்.

போன கிழமை அவன் வந்து மாடிப்படியிலை இருந்திட்டான். குடியை விட்டிட்டானாம். மூண்டு நாளாய் எழும்பேல்லை. "அக்கா, பிள்ளையள் யன்னலாலை சாப்பாடு குடுக்குதுகள். நான் என்ன செய்ய?" எண்டு றஜனி போனிலை அழுதாள். நான் திரும்பவும் அதையேதான் சொன்னன்.

நேற்றுப் போனன். கதவு திறந்து கிடந்தது. அவன் உள்ளுக்கை இருந்து மகளுக்குச் சீப்பாலை தலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சந்தோசமோ?" எண்டு றஜனியைக் கேட்டன்.

"ஓம் அக்கா" எண்டு சிரிச்சாள். ஆனால் நான் வெளிக்கிடேக்கை வீட்டுப் பூட்டின்ரை மற்றத் திறப்பை என்ரை கையிலை வைச்சு, "இது உங்களிட்டை இருக்கட்டும்" எண்டாள்.

அவள் செய்தது சரியோ, நான் சொன்னது சரியோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

நீங்களும் குடியை விட்டிட்டன், வரட்டோ எண்டு கேட்டு எழுதியிருந்தீங்கள். 'வாங்கோ' எண்டு எழுதி வெட்டினன். 'வேண்டாம்' எண்டு எழுதி அதையும் வெட்டினன்.

வாறதெண்டால் பகலிலை வாங்கோ. என்ரை அண்ணையும் இஞ்சை வீட்டிலை நிக்கேக்கை வாங்கோ.

பிள்ளையளின்ரை அம்மா