உண்மை எழுதிய தோட்டத்துக்கு மூடுவிழா

ஜூன் 17, செவ்வாய்

வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும். அலுவலகத்தில் காது கொடுக்க ஆளில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

விடியவே மழை. அம்பிட்டிய இறக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. சப்பாத்து முழுக்க ஈரம்.

கூட்டம். தலைமை தாங்கியது ர. என்னிடம் வேலை பழகியவர், இப்போது என் இயக்குநர். எனக்கு வர வேண்டிய கதிரை.

விஷயம் இதுதான். இளவயதுப் பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமல் தடுக்க இரண்டு திட்டங்கள். எது பலன் தந்தது என்று மதிப்பிட்டவன் நான். குண்டசாலைப் பாடசாலையில் உறுதிமொழி, ஊர்வலம், ரீ ஷேர்ட். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில், முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் பின்னேர மன்றம். கரம் போர்ட், வொலிபோல், பேச்சு. நடத்துவது பரமேஸ்வரி, அங்கேயே தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் பெண்.

இரண்டு இடத்துக்கும் ஒரே வினாத்தாள்: போதைப்பொருள் பாவித்ததுண்டா? குண்டசாலையில் எல்லோரும் "ஒருபோதும் இல்லை." ஹேவாஹெட்டவில் பாதிக்கு மேல் "ஆம்."

ர. முடிவு: மன்றத்தை மூடுவது, உறுதிமொழியை மற்றப் பாடசாலைகளுக்கும் கொண்டுபோவது. நிதி தருபவர்கள் மாதக் கடைசியில் கூடித் தீர்மானிப்பார்கள்.

"நாம என்ன சொல்றது அண்ணே, தாளே சொல்லுதே."

அண்ணே! பதவியைத் தட்டிக்கொண்டுபோன நாளிலிருந்துதான் இந்த அண்ணே.

ஜூன் 18, புதன்

வாங்க: பிரஷர் குளிசை, பாண். குடைக்கம்பி திருத்த.

லீவு போட்டுவிட்டு ஹேவாஹெட்ட. மேலே ஒரே மூட்டம். மன்றத்தை மூடப் பார்க்கிறார்கள் என்று பரமேஸ்வரியிடம் சொன்னேன். பிளேன்டீயை நீட்டினார்.

"பொயல போட்ட பாக்குப் பக்கட்டும் போததான்னு சொல்லிக் குடுத்ததே நான்தாங்க சேர். அதத்தான் புள்ளைக எழுதிச்சு."

தோட்டத்தில் அதை யாரும் போதை என்று நினைப்பதில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா வாயில் புகையிலை, கலியாண வீட்டுத் தட்டில் புகையிலை. கடையில் பிஸ்கட்டோடு தொங்குகிறது பக்கட். போன வருடம் கேட்டிருந்தால் இவர்களும் "இல்லை"தான். சத்தியமாக நம்பியே எழுதியிருப்பார்கள்.

மன்றத்தில் ஒரு சட்டம், பிள்ளைகளே போட்டது. நாக்குச் சிவந்து வருபவனுக்கு அன்று ஆட்டம் இல்லை, ஸ்கோர் மட்டும் எழுதலாம். ஒருத்தி ஒருவனை மறித்தாள்.

"நாக்க நீட்டுடா."

"இன்னைக்கு ஒண்ணுதான்."

"நேத்து?"

"அதான் தாள்ல எழுதிட்டேனே."

கூரை அதிரச் சிரிப்பு. நானும். எத்தனை நாளாயிற்று.

புறப்படும்போது பரமேஸ்வரி: "மூடுனா புள்ளைக கடை வாசல்லதாங்க நிக்கும்."

ஜூன் 19, வியாழன்

குண்டசாலை. தாள் கொடுத்த ஆசிரியரைத் தேடிப் பிடித்தேன். ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவராம். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. பெயர் எழுத வைத்தீர்களா என்று கேட்டேன். வைக்காமல் என்ன என்றார். மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாராம்.

"ஆம்னு எழுதுனா நாளைக்கு அப்பாவோட வரணும்னுட்டேன். ஒருத்தன் எழுதல பாருங்க, சேர்."

பெருமை.

ஹேவாஹெட்டவில் தாளில் பெயர் இல்லை. பரமேஸ்வரி வெளியே நின்றிருக்கிறார்.

பின்னேரம் ர. அறை. இதையெல்லாம் எழுதிக் கொடுத்து அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

"உங்களுக்கு எம்மேல கோபம் அண்ணே. அதுக்கு ஏன் ரிப்போர்ட்ட இழுக்கிறீங்க?"

கோபம்தான். மறுக்கவில்லை. கோபக்காரன் சொன்னால் மழை மழையில்லையா?

என் பக்கங்களை வெட்டிவிட்டார். மிச்சத்தின் கீழே என் பெயர். முன்பு என் நல்ல அறிக்கை அவர் பெயரில் போனது. இப்போது அவர் பொய் என் பெயரில்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டது. குடை அப்படியே கிடக்கிறது. தலையிடி.

நிதி தருபவர்களுக்குக் கடிதம், பத்திரிகைக்கு ஒரு பிரதி. முதலில் எழுதியதில் கதிரை, பதவி, ர.வின் நன்றிகெட்டதனம் எல்லாம் வந்தன. கிழித்தேன். மறுபடி எழுதினேன்: இங்கே இப்படிக் கேட்டார்கள், அங்கே அப்படி. போய்ப் பாருங்கள்.

மனைவி கமலா வாசித்தாள்.

"இதுல நீங்களே இல்லையே."

"இருந்தா என்னப் பத்தித்தான் பேசுவாங்க."

பெயரைப் போட்டால் ர. என் கோபத்தைக் காட்டியே மன்றத்தை மூடிவிடுவார். போடாவிட்டாலும் இரண்டாவது வரியிலேயே யார் என்று கண்டுபிடிப்பார். பிடிக்கட்டும். வேலை போனால் போகட்டும்.

அந்தப் பிள்ளைகள் உண்மை எழுதிய தாளில் பெயர் இல்லை. என் தாளிலும் வேண்டாம். விடிந்ததும் தபாலில் போடுகிறேன்.